லாக் ஆன இளவரசனுக்கு ஓட்டு உண்டா? விடிபி செயலியுடன் ஒரு மாதம்

காட்டேரிக் கார்டு ஆட்டம் தொடங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. என்னிடம் மிச்சம் இருந்தது 3 பூல், அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. வலப்பக்கத்து நண்பர் 'கைன் ரிசோர்சஸ் கன்டெஸ்டெட்' கார்டை இறக்கினார். மொத்தம் 4 புள்ளிகளை இரண்டு பேருக்காவது பங்கிட வேண்டிய அரசியல் கார்டு அது; வாக்கெடுப்பில் வென்றால் அவரவர் அத்தனை பூல் இழப்பார்கள். மூன்றை என் தலையிலும் ஒன்றை இன்னொருவர் தலையிலும் வைத்தார். ஆதரவாக 3 ஓட்டு விழுந்தது, எதிர்த்து 2. என்னிடம் ஓர் இளவரசன் இருந்தான். அவனுக்கு 2 ஓட்டு. என் முறையில் அவன் ஏற்கெனவே ஒரு வேலை செய்துவிட்டதால், கார்டு பக்கவாட்டில் திருப்பப்பட்டு லாக் ஆகியிருந்தது. "லாக் ஆன காட்டேரி எப்படி ஓட்டுப் போடும்?" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நானும் ஒப்புக்கொண்டு ஆட்டத்தை விட்டு வெளியேறினேன். என்னை வெளியேற்றியதற்காக அவருக்கு 6 பூலும் ஒரு வெற்றிப் புள்ளியும் கிடைத்தன.

அன்றிரவு விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். லாக் ஆன காட்டேரி தாராளமாக ஓட்டுப் போடலாம்.

'வாம்பயர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகிள்' ஆட்டத்தை உருவாக்கியவர், 'மேஜிக்' கார்டு ஆட்டத்தைத் தந்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட். 1994இல் 'ஜிஹாட்' என்ற பெயரில் வந்து, அடுத்த ஆண்டே இந்தப் பெயருக்கு மாறியது. 2010இல் அச்சு நின்றது. இப்போது சுவீடனின் பிளாக் சான்ட்ரி நிறுவனம் அதை மீண்டும் அச்சிடுகிறது. மற்ற கார்டு ஆட்டங்களில் கிடைக்காத ஒன்று இதில் உண்டு: ஐந்து பேரும் கலந்துகொள்ளும் வாக்கெடுப்பு. பேரம், கூட்டணி, கடைசி நிமிடக் கட்சித் தாவல் எல்லாம் அங்கேதான் நடக்கும். அதில் ஒரு விதி பிசகினால் முழு மாலையும் வீண். அந்தக் கோபத்தில்தான் விடிபி செயலியை ஒரு மாதம் மேசையிலேயே வைத்துச் சோதித்தேன்.

விடிபி உலாவியில் ஓடும் இலவசச் செயலி. ரசிகர்களின் உழைப்பில் உருவானது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. கார்டு தேட கணக்குத் தொடங்கத் தேவையில்லை. டெக் கட்டுவதற்கும் போட்டிகளில் வென்ற டெக்குகளைப் பார்ப்பதற்கும்தான் பெரும்பாலானோர் இதைத் திறக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு: ஓட்டு எண்ணும் நேரத்தில் எழும் தகராறை இது தீர்த்துவைக்குமா?

முதல் சோதனையில் நல்ல மதிப்பெண். காட்டேரிகளைப் பட்டம் வாரியாகவும் ஓட்டு எண்ணிக்கை வாரியாகவும் வடிகட்டலாம். பிரைமோஜனுக்கு 1, இளவரசனுக்கு 2, ஜஸ்டிகருக்கு 3, இன்னர் சர்க்கிள் உறுப்பினருக்கு 4. சபாத் என்ற காட்டேரிப் பிரிவின் பக்கம் போனால் பிஷப்புக்கு 1, ஆர்ச்பிஷப்புக்கு 2, கார்டினலுக்கு 3, ரீஜண்டுக்கு 4. புதிதாக ஆடுபவர் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கார்டின் பெயரில் நாலு எழுத்து தட்டினால் பட்டம் திரையில் வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கார்டுகளின் இன்றைய வாசகம். முப்பது ஆண்டு பழைய ஆட்டம் இது. ஜிஹாட் காலத்துக் கார்டில் அச்சாகியிருப்பது ஒன்று, இன்று செல்லுபடியாகும் வாசகம் இன்னொன்று. பழைய கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வாதாடும்போது, செயலியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினால் போதும். அதற்குக் கீழேயே அந்தக் கார்டைப் பற்றி விதி நிர்வாகிகள் சொன்ன தீர்ப்புகள், சொன்னவரின் முதலெழுத்து, தேதி சகிதம் நிற்கின்றன. யார் எப்போது சொன்னது என்று தெரிந்தால் மேசையில் குரல் தணிகிறது. இதை நான் பல முறை கண்ணால் பார்த்தேன்.

ஆனால் என்னை ஆட்டத்திலிருந்து வெளியேற்றிய கேள்வியை இதில் தேடினேன். அங்கேதான் குறை தெரிந்தது. தீர்ப்புகள் எல்லாம் அந்தந்தக் கார்டோடு ஒட்டியவை. 'லாக் ஆனவர் ஓட்டுப் போடலாமா' என்பது எந்தக் கார்டின் கேள்வியும் அல்ல, ஆட்டத்தின் பொது விதி. எந்த அரசியல் கார்டைத் திறந்தாலும் அந்த விதி கண்ணில் படவில்லை. கார்டிலிருந்து ஒரே தட்டில் வாக்கெடுப்பு விதிகளுக்குப் போக வழி இருந்தால், இந்தச் செயலிக்கு நிகர் வேறில்லை என்பேன்.

அதனால், அதில் கிடைக்காததை இங்கே எழுதிவைக்கிறேன். லாக் ஆன காட்டேரி தடுக்க முடியாது, ரியாக்‌ஷன் கார்டு ஆட முடியாது. இந்த இரண்டையும் வைத்துத்தான் ஓட்டும் கிடையாது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஓட்டுக்குத் தேவை, பட்டமுள்ள காட்டேரி ரெடி நிலையில் இருப்பது மட்டுமே. செயலிழந்து டார்ப்பரில் கிடப்பவருக்குத்தான் ஓட்டு இல்லை. ஒரே நகரத்தின் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டால், போட்டி தீரும்வரை இருவருக்கும் அந்தப் பட்டத்தின் ஓட்டு கிடையாது.

பட்டம் இல்லாதவரும் வெறுங்கையோடு இல்லை. வாக்கெடுப்பைக் கொண்டுவந்த கார்டே அதை ஆடியவருக்கு ஓர் ஓட்டு. மற்றவர்கள் கையிலுள்ள ஓர் அரசியல் கார்டை பர்ன் செய்து ஆளுக்கு ஓர் ஓட்டு பெறலாம், ஒரு வாக்கெடுப்பில் ஒன்று மட்டும். எட்ஜ் என்ற அடையாள வில்லையை வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுத்தால் இன்னொன்று. சமமாக விழுந்தால் தீர்மானம் தோற்கும்.

இன்னொரு சண்டை எப்போதும் வரும். "யாருக்கு எத்தனை புள்ளி என்று முதலில் சொல், பிறகு தடுக்கலாமா என்று யோசிக்கிறேன்" என்பார்கள். சொல்ல வேண்டியதில்லை. தடுப்பைத் தாண்டி அந்தச் செயல் வென்ற பிறகுதான் நிபந்தனைகளை அறிவிக்க வேண்டும், அதன் பிறகே ஓட்டு. தடுப்பவர் இருட்டில்தான் முடிவெடுக்கிறார். இந்த ஆட்டத்தின் அழகே அந்த இருட்டு என்பது என் எண்ணம்.

சபாத்தின் பிரிஸ்கஸ் பட்டம்தான் என்னை அதிகம் சுற்றவிட்டது. பிரிஸ்கஸ் ஒவ்வொருவருக்கும் தனி ஓட்டு இல்லை. மேசையிலுள்ள எல்லா பிரிஸ்கஸ்களும் சேர்ந்து ஒரு குழு, அந்தக் குழுவுக்கு மொத்தம் 3 ஓட்டு. அவர்கள் வெவ்வேறு ஆட்டக்காரர்களிடம் இருந்தாலும் இதுதான் கணக்கு. ஆளுக்கொரு சீட்டு போட்டு, பெரும்பான்மை சொல்லும் பக்கம் அந்த 3 ஓட்டும் போகும். மேசையில் ஒரே ஒரு பிரிஸ்கஸ் இருந்தால் மூன்றும் அவர் கையில். எதிராளி இன்னும் இரண்டு பிரிஸ்கஸ்களை இறக்கினால், அதே காட்டேரியைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் 3 ஓட்டையும் இழக்கலாம். பட்டத்தைப் பார்த்து ஓட்டைக் கூட்டும் பழக்கம் இங்கே உதவாது. மேசை முழுவதையும் எண்ண வேண்டும்.

விடிபியைத் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன். கார்டைப் பற்றிய தகராறுக்கு இதைவிட வேகமான துணையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஓட்டைப் பற்றிய தகராறுக்கு இது மட்டும் போதாது. விதிப்புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அரசியல் செயல் பற்றிய பக்கங்களையும் அதே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் இளவரசன் லாக் ஆகிக் கிடந்தாலும் அவனுடைய 2 ஓட்டையும் கேட்டு வாங்குங்கள்.