அக்கம்பக்கத்து வேலைப் பேச்சு: பலனும் பாதகமும்

தமிழ்நாட்டில் ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவரிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விகளுக்கு ஏறக்குறைய ஒரு வரிசை உண்டு. சொந்த ஊர் எது, எங்கே வேலை, கவர்மென்ட்டா பிரைவேட்டா, பர்மனென்ட் ஆகிவிட்டதா, பிடித்தமெல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வருகிறது. பல மேலைநாடுகளில் நெருங்கிய நண்பர்கள்கூடக் கேட்கத் தயங்கும் சம்பளக் கேள்வி இங்கே முதல் சந்திப்பிலேயே வந்துவிடுகிறது. ரயிலில் எதிரே அமர்ந்தவர் கேட்டாலும் பலர் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பழக்கத்தை அநாகரிகம் என்று ஒதுக்குவோர் உண்டு. ஒட்டுறவின் அடையாளம் என்று போற்றுவோரும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். ஒரே கேள்வி ஒரு வீட்டுக்கு வேலை வாங்கித் தருகிறது, அடுத்த வீட்டைக் கதவைச் சாத்திக்கொள்ள வைக்கிறது. யார் யாரிடம் கேட்கிறார்கள், வேலையைப் பற்றிக் கேட்கிறார்களா அல்லது ஆளின் தராதரத்தை அளக்கக் கேட்கிறார்களா என்று பிரித்துப் பார்த்தால்தான் இதை எடைபோட முடியும்.

இந்தப் பேச்சின் முதல் பலன் வேலை பற்றிய தகவல். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், தகவல் சொன்னவரை அடிக்கடி சந்திப்பவர்கள் சுமார் 17 சதவீதம் பேர்தான். 55 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அவரை எப்போதாவது பார்ப்பவர்கள். சுமார் 28 சதவீதத்தினர் அரிதாகவே பார்ப்பவர்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும். புதுச் செய்தி வேறு வட்டத்தில் புழங்கும் அறிமுகக்காரரிடமிருந்துதான் வர வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம்.

திருப்பூரின் லைன் வீடுகளில் இதை அன்றாடம் காணலாம். பனியன் கம்பெனிகளின் வாசலில் ‘ஆட்கள் தேவை’ என்று பலகை தொங்கும். ஓவர்லாக் டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று தேவையும் எழுதியிருக்கும். ஆனால் அந்தக் கம்பெனியில் சனிக்கிழமைச் சம்பளம் சொன்ன நேரத்தில் கைக்கு வருமா, ஆர்டர் வாரம் முழுக்க இருக்குமா, ஒன்றரை ஷிப்ட் கட்டாயமா, சூப்பர்வைசர் பெண்களிடம் எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் பலகையில் இருக்காது. அவற்றைச் சொல்வது அங்கே ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர். எந்த விளம்பரமும் எந்த வேலைவாய்ப்பு அலுவலகமும் தராத தகவல் இது, அதுவும் காசில்லாமல் கிடைப்பது.

ஆனால் கிரனோவெட்டர் பேசிய அறிமுகம் வட்டம் விட்டு வட்டம் தாண்டும் அறிமுகம். தமிழகத்தில் அறிமுகங்கள் பெரும்பாலும் சொந்த ஊர் வழியாகவும் சாதி வழியாகவும் படர்கின்றன. தென்மாவட்டத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் சேர்ந்தவர் அடுத்து அழைத்து வருவது தன் ஊர்க்காரரை. அதே லைன் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஒடிசாக்காரருக்கோ பீகார்க்காரருக்கோ அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. உள்ளே இருப்பவரைத் தாங்கும் பேச்சு, வெளியே நிற்பவருக்கு வேலியாகிவிடுகிறது.

இரண்டாவது பலன் கூலி பற்றிய அறிவு. இதுதான் இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய பலம். நெல்லை, தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் மதிய வேளையில் திண்ணையிலும் வாசல் நிழலிலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்காருவது வழக்கம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. இலையும் தூளும் எடை போட்டுத் தரப்படும். அந்த இலை நல்ல இலையாக இல்லாவிட்டால் ஆயிரம் பீடி தேறாது. குறைகிற இலையைச் சொந்தக் காசில் வாங்கிப் போட வேண்டும். சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் தரமில்லை என்று கொஞ்சம் கழிப்பார்கள். ஆக, சொல்லப்படும் கூலி ஒன்று, கைக்கு வருவது வேறொன்று. இந்த வித்தியாசம் எவ்வளவு என்பதைத் தனியாக உட்கார்ந்து சுற்றும் ஒரு பெண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. தனக்குக் கழித்தது தன் கைப்பழக்கத்தின் குறை என்றே அவள் நினைத்துக்கொள்வாள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து, எந்தக் கடையில் இலை மோசம், எந்த ஏஜென்ட் அதிகம் கழிக்கிறார், யார் பெயர் பிராவிடண்ட் ஃபண்டில் ஏறியிருக்கிறது என்று பேசும்போதுதான் குறை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளராக ஏற்றது. அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்ற செய்தியும் பெரும்பாலும் இந்தத் திண்ணை வழியாகத்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனது.

இங்கே பேச்சு கசப்பில்லாமல் நடப்பதற்குக் காரணம் உண்டு. எல்லோருக்கும் ஒரே வேலை, எல்லோருக்கும் தெரிந்த ரேட். ஒருத்தி வாரத்தில் கூடுதலாக வாங்கினால் அவள் கூடுதலாகச் சுற்றினாள் என்று அர்த்தம். பொறாமைக்கு இடம் குறைவு, விசாரணைக்கு இடம் அதிகம்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலைமை தலைகீழ். மென்பொருள் நிறுவனங்களில் சம்பளம் ஆளுக்கு ஆள் பேரம் பேசி முடிவாவது. நியமனக் கடிதத்திலேயே சம்பள விவரத்தைப் பிறரிடம் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை இருப்பதுண்டு. ஒரே தளத்தில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் இருவர் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் மற்றவரின் பாதிச் சம்பளத்துக்கு உழைப்பது தெரியாமலே வருடங்கள் ஓடலாம். நாகரிகம் என்று கருதப்படும் இந்த மௌனத்தால் லாபம் அடைவது சம்பளம் கொடுப்பவர் மட்டுமே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் ஆலையில் வேலை பார்த்த லில்லி லெட்பெட்டரின் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. 1979-ல் சேர்ந்த அவர், ஏறத்தாழ இருபது ஆண்டு முடியும் தறுவாயில், பெயர் குறிப்பிடாத ஒருவர் வைத்துப்போன துண்டுச்சீட்டைப் பார்த்துத்தான் உண்மையை அறிந்தார். அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியிலிருந்த ஆண்களில் ஆகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர். புகார் கொடுக்கும் காலக்கெடு கடந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தக் கெடுவைத் தளர்த்தும் சட்டம் அவர் பெயரிலேயே 2009-ல் வந்தது. அங்கே சம்பளத்தைப் பற்றி யாராவது பேசியிருந்தால் அத்தனை ஆண்டு இழப்பு நேர்ந்திருக்காது.

ஆனாலும் சம்பளம் தெரிந்துவிட்டால் எல்லாம் நலம் என்றும் சொல்வதற்கில்லை. நார்வேயில் ஒவ்வொருவரின் வருமானமும் வரியும் பொதுப் பதிவேடு. 2001-ல் அது இணையத்தில் ஏறியதும், எவரும் பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தை நொடியில் பார்க்க முடிந்தது. பொருளியலாளர் ரிக்கார்டோ பெரஸ் ட்ரூலியா அந்த மாற்றத்தை ஆராய்ந்தபோது, பணக்காரருக்கும் ஏழைக்கும் மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி 29 சதவீதம் விரிந்திருந்தது தெரிந்தது. 2014 முதல், தன் விவரத்தை யார் தேடினார் என்று தேடப்பட்டவர் அறிய முடியும் என்று விதி மாறியது. தேடுவோர் தொகை பெருமளவு சரிந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடையே நடந்து 2012-ல் வெளியான இன்னோர் ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. சக ஊழியரின் சம்பளத்தைப் பார்த்தவர்களில், நடுமட்டத்துக்குக் கீழே வாங்குபவருக்கு வேலையில் திருப்தி குறைந்தது. மேலே வாங்குபவருக்கு மகிழ்ச்சி எதுவும் கூடவில்லை.

தமிழகத்துத் தெருவில் இந்த ஒப்பீடு கூர்மையாவதற்கு அரசு வேலை ஒரு காரணம். அரசு ஊழியரின் சம்பளம் ரகசியமல்ல. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமே ஒவ்வோர் ஊழியரின் மாத ஊதியத்தையும் வெளியிடச் சொல்கிறது. அகவிலைப்படி உயர்வு அறிவிக்கப்பட்ட நாளில், ஆசிரியர் வீட்டுக்கு எவ்வளவு கூடும் என்று தெருவே கணக்குப் போட்டுவிடும். அந்த ஒரு சம்பளம் அளவுகோலாகி, மளிகைக்கடை வைத்திருப்பவரும் தனியார் பள்ளியில் அதே பாடம் நடத்துபவரும் அதற்குப் பக்கத்தில் நிறுத்தப்படுகிறார்கள். பெண் பார்க்கும் பேச்சில் இது நேரடி விலையாகிறது: மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்ற கேள்விக்கு வரும் பதில் பல நேரங்களில் வேலையைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்கிறது.

அளக்கப்படும் இடத்தில் உண்மை குறையும். இதுவே இந்தப் பழக்கத்தின் அடுத்த பழுது, அதன் விளைவுகளும் கடுமையானவை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் ‘துபாயில் கம்பெனி வேலை’ என்று மட்டும் சொல்வார். வெயிலில் கட்டுமான வேலை என்றோ, ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டவே முதல் இரண்டு வருடச் சம்பளம் போனது என்றோ சொல்வது கௌரவக் குறைவு. அந்தப் பாதிச் செய்தியை நம்பி அடுத்த வீட்டுப் பையன் கடன் வாங்கிக் கிளம்புகிறான். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்கு இளம்பெண்களைச் சேர்த்த ‘சுமங்கலித் திட்டம்’ இதைவிட மோசமான உதாரணம். மூன்று ஆண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்ற செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் பலர் அந்தந்த ஊருக்கே தெரிந்த முகங்கள், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிய தரகர்கள். தொகை பேசப்பட்டது. இரவு ஷிப்ட், விடுதியை விட்டு வெளியே போகத் தடை, இடையில் நின்றால் அந்தப் பணம் கிடைக்காது என்ற நிபந்தனை ஆகியவை பேசப்படவில்லை. தெரிந்தவர் சொன்னார் என்ற நம்பிக்கைதான் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தது. அறிமுகம் தரும் தகவலின் மதிப்பு, சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம் என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டியது.

கேள்வியே கேட்கப்படாமல் இருந்தால் நல்லது என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். வழக்கறிஞர், காவலர், பத்திரிகையாளர் என்று சொன்னாலே வீடு தர மறுக்கும் உரிமையாளர்கள் உண்டு. அது தொல்லைதான், ஆனால் சமாளிக்கக்கூடிய தொல்லை. துப்புரவுப் பணியாளரின் நிலை வேறு. ‘கார்ப்பரேஷனில் வேலை’ என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த கேள்வி வேலையைத் தாண்டிச் சாதியைத் தொட்டுவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அந்த வேலையோடு பிணைக்கப்பட்ட இழிவைத் தெருவின் விசாரணை இன்றும் தேடிப் பிடிக்கிறது. இந்த இடத்தில் வேலைப் பேச்சை ஒட்டுறவு என்று சொல்வது பொய். அது சாதியைக் கண்டுபிடிக்கும் கருவி.

வேலை தேடும் இளைஞருக்கும் இந்தக் கேள்வி சுமை. 2022-ல் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். நிரப்பப்பட்டவை சுமார் பத்தாயிரம் இடங்கள். ‘இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியாப்பா?’ என்று கேட்கப்படும் ஒருவர் இல்லாத தெரு அரிது. நாளடைவில் அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்துகிறார், டீக்கடைக்கு ஆள் குறைந்த நேரமாகப் பார்த்துப் போகிறார். தூரத்து அறிமுகங்களால் அதிகப் பயன் பெறக்கூடியவர் வேலையில்லாதவர். அவரையே அந்த வட்டத்திலிருந்து விரட்டுவது இந்தப் பேச்சின் ஆகப் பெரிய தோல்வி. வேலையில் இருப்பவருக்கே மேலும் மேலும் செய்தி போய்ச் சேருகிறது.

பெண்கள் விஷயத்தில் கேள்வி வேறு விதமாகக் குறைபடுகிறது. ‘வேலைக்குப் போறாங்களா, வீட்டுலதானா?’ என்பதற்கு இரண்டே பதில்கள்தான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இந்த ஐந்து மணிநேரம் ‘வீட்டுலதான்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. சம்பாதிக்கும் பெண்ணும் இதில் அடிபட்டுப்போகிறாள். பீடி சுற்றுபவர், வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவர், மாலையில் இட்லி மாவு அரைத்து விற்பவர் ஆகியோர் பலரும் ‘சும்மாதான் இருக்கேன்’ என்றே பதில் சொல்கிறார்கள். வேலை என்று சொல்லப்படாததற்கு ரேட் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ரேட் கேட்கப்படாத வேலையில் ஏமாற்றுவது சுலபம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்த நிலையை ஓரளவு மாற்றின. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தவை இவை. குழுவில் ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பேற்கிறார்கள். அதனால் யார் என்ன தொழில் செய்கிறார், வாரத்துக்கு எவ்வளவு வருகிறது, எந்த மாதத்தில் வரும்படி குறையும் என்பதைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். இது அளக்கும் பேச்சாகவும் மாறுவதுண்டு. தவணை தவறியவர் வீட்டு வாசலில் குழுவே போய் நிற்கும் கொடுமையும் நடக்கிறது. ஆனாலும் மாவு அரைத்து விற்பவரை வியாபாரி என்றும், மிஷின் தைப்பவரை டெய்லர் என்றும் அந்தத் தீர்மான நோட்டு பதிவு செய்கிறது. ‘சும்மாதான் இருக்கேன்’ என்று தெருவில் சொன்னவர் அங்கே தன் தொழிலைச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார், வட்டி விகிதத்தைக் கேட்கிறார், பக்கத்தில் இருப்பவர் பிளவுஸ் தைக்க எவ்வளவு வாங்குகிறார் என்று விசாரித்துத் தன் கூலியை ஏற்றிக்கொள்கிறார்.