சிங்கியின் கூலிக் கணக்கு

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. பாட்டுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்தின் பெயரே 'குறவஞ்சி மேடு'. வகுப்பில் இந்நூலை நடத்தும்போது மலைவளம் சொல்வோம், சந்தம் சொல்வோம், வசந்தவல்லி பந்தாடும் அழகைச் சொல்வோம். சிங்கி வாங்கிய கூலியைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. பெண்கள் இந்த நூலைப் படிக்கும்போது நின்று பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

குறி சொல்ல வந்தவள் முதலில் வேலைக்கான ஏற்பாடுகளைக் கேட்கிறாள். தரையை மெழுகு, கோலம் போடு, பிள்ளையாரை வை, நாழி நிறைய அளந்து வை என்கிறாள். அவள் சொல்ல, மற்றவர்கள் செய்கிறார்கள். குறி சொல்லி முடித்ததும் வசந்தவல்லி நகைகளை அள்ளிக் கொடுக்கிறாள். அவளைத் தேடி அலைந்து வந்த சிங்கன், காலில் கிடப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவன் கேள்வியில் வியப்பும் இருக்கிறது, சந்தேகமும் இருக்கிறது. அவள் தடுமாறவில்லை. சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது, பாடகம் பாண்டியன் மகளுக்குச் சொன்ன குறிக்குக் கிடைத்தது என்று பதில் சொல்கிறாள். கணவனின் சந்தேகத்துக்கு முன்னால் அவள் எடுத்து வைக்கும் சாட்சி, அவளுடைய சம்பளப் பட்டியல்.

இதை வைத்துக் குறவஞ்சியைப் பெண்ணிய நூல் என்று சொல்லிவிட முடியாது. குறவர் வாழ்க்கையை வெளியே நின்று வேடிக்கை பார்த்த பாட்டு அது. நகை குவிவது புலவரின் கற்பனை. பின்னால் வந்த பிரிட்டிஷ் அரசு குறவர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குள் அடைத்தது என்பதும் சேர்ந்தே நினைவில் இருக்கவேண்டும். ஆனாலும் பேச்சைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண், என் வேலைக்கு இது கூலி என்று வாய்விட்டுச் சொல்லும் இடம் அதில் இருக்கிறது. பேச்சைத் தொழிலாகக் கொண்ட நாம் அதைச் சொல்கிறோமா?

நான் வேலை பார்த்த இடங்களில் விழா என்றால் பணிப்பங்கீடு பேசாமலே முடிந்துவிடும். கோலம், குத்துவிளக்கு, பன்னீர் தெளிப்பது, பூங்கொத்து, தேநீர்த் தட்டு, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மாணவிகளைப் பழக்குவது எல்லாம் மேடங்களுக்கு. எல்லோரும் ஒரே நிறத்தில் பட்டுப்புடவை கட்டி வரவேண்டும் என்ற வேண்டுகோளும் வரும். புடவைக் காசு நம்முடையது. சீசன் மாதங்களில் கருத்தரங்கு வைத்தால் வெளியூர் விருந்தினர்கள் தட்டாமல் வருவார்கள். அவர்களை ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் கூட்டிப்போய், பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கிக் கொடுப்பது ஆண் ஆசிரியர்களின் வேலை. அதுவும் சம்பளமில்லாத விருந்தோம்பல்தான். ஆனால் அந்த காரில்தான் அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பும் ஆய்வுக்குழுவில் இடமும் பேசி முடிக்கப்படுகின்றன. பதிவு மேசையில் கோப்பு கொடுத்துக்கொண்டிருந்தவளின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாத பணியைக் கேட்கின்றன. உதவிப் பேராசிரியருக்கு அதில் 16 மணி நேரம் வகுப்பு. ஏற்புடைய இதழில் வந்த மொழித்துறை ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 10 மதிப்பெண். கோலத்துக்கு மதிப்பெண் இல்லை. ஆக, கோலத்துக்குப் போன நேரம் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்ட நேரம். வீட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் நேரம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். பதவி உயர்வு தள்ளிப்போகும்போது, மேடம் எழுதுவதே இல்லை என்று மட்டும் சொல்வார்கள்.

விருப்பப்பட்டுத்தானே செய்கிறீர்கள், உங்களுக்கு ரசனை இருக்கிறதே, நீங்கள் கவிஞராயிற்றே என்பார்கள். இது பழைய வித்தை. வீட்டு வேலையைப் பெண்ணின் இயல்பு என்றும் அன்பு என்றும் பெயர் மாற்றியதால்தான் அதற்குக் கூலி இல்லாமல் போனது என்று சில்வியா ஃபெடரிச்சி 1975-இல் எழுதினார். கல்லூரியில் அதே வேலைக்கு 'ரசனை' என்று பெயர். எனக்குக் கோலம் பிடிக்கும். பிடித்ததை என் வாசலில் போடுவேன். மறுக்க முடியாத இடத்தில் போடுவதற்குப் பெயர் விருப்பம் அல்ல. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத கௌரவ விரிவுரையாளருக்கு மறுக்கும் வாய்ப்பு நம்மைவிடக் குறைவு. கோலத்துக்கு முன்னால் அந்தத் தரையைக் கூட்டிக் கழுவிய அக்காவுக்கு அதுவும் இல்லை. நாம் கழற்றிவிடும் வேலை இவர்கள் தலையில் போய் விழுந்தால் அது விடுதலை ஆகாது.

எனவே கேட்கவேண்டியது வேலையிலிருந்து விலக்கு மட்டுமல்ல, எழுத்தில் ஒரு கணக்கு. விழாவுக்கான பணி ஆணையில் கோலமும் தேநீரும் பெயரோடும் மணி நேரத்தோடும் ஏறட்டும். சுழற்சி முறையில் ஆண் ஆசிரியர் பெயரும் வரட்டும். விருந்தினரோடு காரில் போகும் முறை நமக்கும் வரட்டும். ஆண்டறிக்கையில் அந்த மணிகள் கூட்டிக் காட்டப்படட்டும். எது எங்கே எதற்காகக் கிடைத்தது என்று சிங்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். எது எங்கே எவ்வளவு நம்மிடமிருந்து போனது என்று நாமும் ஒவ்வொன்றாக எழுதி வைப்போம். அடுத்த துறைக் கூட்டத்தில் அந்தத் தாளை மேசைமேல் வைப்போம்.