எழுத்தெண்ணி எழுதிய ஒப்பாரி

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் எருசலேமை வீழ்த்தி ஆலயத்தை எரித்தனர். அந்த அழிவை நினைத்து எபிரேயர் பாடிய ஒப்பாரிதான் தமிழ் பைபிளில் ‘புலம்பல்’ என்று பெயர் பெற்ற நூல். ஐந்தே அதிகாரங்கள்.

அதன் கட்டமைப்பு வியப்பூட்டுகிறது. எபிரேய எழுத்துகள் 22. முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்களில் தலா 22 வசனங்கள்; ஒவ்வொன்றும் அகரவரிசைப்படி அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். நடுவிலுள்ள மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். துயரம் உச்சம் தொடும் இடத்தில்தான் கட்டுப்பாடும் மும்மடங்காகிறது.

ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்களே. ஆனால், எழுத்து வரிசை இல்லை. அழுது அழுது ஓய்ந்தவர் வரிசையைக் கைவிட்டதுபோல் இருக்கிறது அந்த முடிவு.

ஓசையிலும் ஒரு நுட்பம் உண்டு. முன்பாதியில் மூன்று அழுத்தம், பின்பாதியில் இரண்டு என்று பல அடிகள் அமைகின்றன. நீளமாகத் தொடங்கும் அடி சட்டென்று குறுகும்போது, விம்மலில் மூச்சு அறுபடுவதைக் காது உணர்கிறது. ஜெர்மானிய அறிஞர் கார்ல் புட்டே 1882இல் இதை விரிவாக விளக்கினார்.

மொழிபெயர்ப்பில் பொருள் வந்துவிடுகிறது. எழுத்து வரிசை மறைந்துவிடுகிறது. ஆனால் எபிரேய மூலத்தில் அது இன்றும் ஒலிக்கிறது: ஆண்டுதோறும் யூத நாட்காட்டியின் ஆவ் மாத ஒன்பதாம் நாளில் யூதர்கள் நோன்பிருந்து, தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமர்ந்து இந்நூலை உரக்க வாசிக்கிறார்கள்.