ஊர்ப் பேச்சும் ஒலிவாங்கியும்: சமுதாய வானொலி உரையாடல் பற்றிய ஒரு நோக்கு

அச்சேறியவற்றையே ஆய்வுக்குரியனவாகக் கொள்ளும் மரபு தமிழ்த் திறனாய்விலே ஆழ வேரூன்றியுள்ளது. காற்றோடு கலந்து மறையும் வானொலிப் பேச்சு அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவந்துள்ளது. ஆயினும் ஓர் ஊரின் வரலாறும் இயற்கையும் பொதுவாழ்வும் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே தங்கியிருப்பதால், அப்பேச்சைப் பொதுவெளிக்குக் கொணரும் வானொலி உரையாடலும் மதிப்பீட்டுக்குரியதாகின்றது. அதனை மதிப்பிடுகையில் பேட்டிக்கும் உரையாடலுக்கும் உள்ள வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். பேட்டியில் வினவுபவர் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு செல்கின்றார். உரையாடலிலோ விடை கூறுபவர் வினாவை மறித்துத் தமது வினாவை எழுப்பவும் இயலும். ஊர் வானொலியின் தகுதியை அளப்பதற்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் இல்லை எனலாம்.

ஈழத்தில் ஊர்ப் பேச்சு வானொலியில் இடம்பெற்ற வரலாறு நாடகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ போன்ற வானொலித் தொடர்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை நாடறியச் செய்தன. தமது வீட்டு முற்றத்து மொழியை ஒலிபெருக்கியிற் கேட்ட மகிழ்ச்சி கேட்போருக்குக் கிட்டியது. இதனைச் சிறு சாதனையென ஒதுக்கிவிட முடியாது. எனினும் அங்கே ஒலித்தது கொழும்பு நிலையத்தில், எழுதப்பட்ட பிரதியைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஊர். உண்மை ஊரவருக்கு அங்கே கேட்போர் என்ற இடம் மாத்திரமே இருந்தது.

ஒலிவாங்கி ஊரை நோக்கி நகர்ந்தமைக்கு 1981இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலித் திட்டம் முக்கிய எடுத்துக்காட்டாகும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் மகாவலி அதிகாரசபையும் யுனெஸ்கோ, டென்மார்க் அரசு ஆகியவற்றின் துணையுடன் இதனை நடத்தின. நிகழ்ச்சி தயாரிப்போர் குடியேற்றக் கிராமங்களிலே நாட்கணக்கில் தங்கி, மக்களோடு பழகியபின் ஒலிப்பதிவு செய்தனர். 1989இல் கொத்மலையிலும் ஒரு நிலையம் அமைந்தது. 1990களின் இறுதியிலே, நேயர்கள் அனுப்பிய வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பிய முயற்சி, கொத்மலைக்கு உலகளாவிய கவனத்தைப் பெற்றுத் தந்தது.

இம்முயற்சியின் முறைமை பாராட்டுக்குரியதாயினும் அதன் அமைப்பில் ஒரு முரண்பாடு பொதிந்திருந்தது. நீர்த்தேக்கத்தின் பொருட்டு நிலமிழந்த மக்களின் பேச்சை ஒலிபரப்பிய வானொலியில், அந்நீர்த்தேக்கத்தை அமைத்த நிறுவனமே பங்காளியாகவும் இருந்தது. பயிர், சுகாதாரம், சேமிப்பு முதலியன பற்றிய வினாக்களை அத்தகைய அமைப்பு தாராளமாக ஏற்கும். ‘எமது நிலத்தை ஏன் எடுத்தீர்கள்?’ என்ற வினாவுக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்க முடியும் என்பது ஐயத்துக்குரியது.

அடுத்த படியைக் காணப் பாக்குநீரிணையின் மறுகரையை நோக்கவேண்டும். இராமேசுவரத் தீவின் பாம்பனிலே 2016 ஆகஸ்ட் 15ஆந் திகதி ‘கடல் ஓசை’ 90.4 என்னும் சமுதாய வானொலி மீனவருக்கெனத் தொடங்கப்பெற்றது. காற்றின் வேகம், கடலின் நிலை, கடல்வளப் பாதுகாப்பு, மீனவர் பாடல்கள் என்பன அதன் உள்ளடக்கமாயின. கடலோர மக்களே ஒலிவாங்கியின் இருபுறமும் அமரும் நிலை அங்கு தோன்றியது. வினவுபவருக்குக் கடல் தெரியும். ஆதலால் விடை கூறுபவர் சொற்களுக்குப் பொருள் கூறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்நிலை சட்டத்தின் துணையின்றி உருவானதன்று. வானலைகள் பொதுச்சொத்து என இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கொன்றிலேயே அத்தீர்ப்பு எழுந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி தொடங்கியது. 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் வாய்ப்புத் திறந்தது. ஆயினும் சுயமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்பும் உரிமை இவற்றுக்கு வழங்கப்படவில்லை. ஒலிபரப்பு வலுவும் சிறிதாகவே வரையறுக்கப்பட்டது. இலங்கையிலோ 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டமே நெடுங்காலம் அடிப்படையாக இருந்துவந்தது. சமுதாய வானொலியைத் தனியொரு வகையாகக் கொண்டு அச்சட்டம் இயற்றப்படவில்லை. இதன் விளைவு பாரதூரமானது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் தடைசெய்தது. அத்தொழிலால் வடபகுதிச் சிறு மீனவர் வலையும் வளமும் இழக்கின்றனர். எல்லை கடக்கும் தமிழகத் தொழிலாளர் சிறைப்படுகின்றனர். ஒரே மொழி பேசும் இரு கரையினர் இது பற்றி நேருக்கு நேர் வினவிக்கொள்ள ஒரு வானொலிக் களம் அமையவில்லை.

இப்பின்னணியில் யாழ்ப்பாண நகருக்கு மிக அண்மையிலுள்ள தீவாகிய மண்டைதீவை நோக்குவது பயனுடையது. பண்ணைத் தாம்போதி வழியே தீவகம் செல்வோர் பலர் அதனைக் கடந்துபோகின்றனரேயன்றி அறிந்து செல்வதில்லை. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனக் காற்றைப் பெயரிட்டழைக்கும் அறிவு, பரவைக் கடலிற் களங்கண்டி நாட்டும் இடத்தைத் தெரியும் அறிவு, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர்க் கிணறு உவராகும் என்ற அறிவு ஆகியன இத்தகைய தீவுகளின் எழுதப்படாத நூல்கள். ஊர் வானொலி உரையாடலுக்கு இவையே முதற்பொருளாதல் தகும்.

ஆனால் ஊர் வரலாற்றுப் பேச்சு எளிதில் ஊர்ப் பெருமைப் பேச்சாகிவிடும். கோயில், தேவாலயம், பாடசாலை, பெரியார் என்ற வரிசையோடு அது நிறைவுற்றுவிடும். 1986 யூனில் மண்டைதீவுக் கடலில் மீனவர் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவைக் கைப்பற்றியபோது பலர் காணாமற்போயினர், ஊரவர் இடம்பெயர்ந்தனர். கிணற்றைப் பற்றி மண்டைதீவில் வினவுபவர் நீரைப் பற்றிய விடையை மாத்திரம் எதிர்பார்க்க முடியாது. அங்கே ஒருவர் மௌனமாகும்போது, அம்மௌனத்தை இசைத்துண்டொன்றால் நிரப்பாது காத்திருக்கும் பொறுமை ஒலிபரப்பாளருக்கு வேண்டும்.

இயற்கையும் பொதுவாழ்வும் வெவ்வேறு நிகழ்ச்சிகளுக்குரிய தலைப்புகள் அல்ல என்பதையும் இத்தீவே உணர்த்துகின்றது. 2025 செப்டெம்பர் முதலாந் திகதி, மண்டைதீவிலே சர்வதேச கிரிக்கெட் மைதானமொன்றுக்கு நாட்டின் சனாதிபதி அடிக்கல் நாட்டினார். வேலைவாய்ப்பும் மதிப்பும் கிட்டும் என்ற நம்பிக்கையும், ஈரநிலமும் கண்டற் சூழலும் பாதிக்கப்படும் என்ற கவலையும் ஒருங்கே எழுந்தன. இரண்டும் நேர்மையானவை. மழைநீர் எப்பக்கம் வடிகின்றது, எப்பருவத்திற் பறவைகள் வருகின்றன, எந்நிலம் வெள்ளத்தில் அமிழும் என்பனவற்றை அறிந்தோர் அத்தீவிலேயே வாழ்கின்றனர். அவர்களைப் பேட்டி காண்போர் பலராக இருக்கலாம். அவர்கள் திருப்பிக் கேட்கும் வினாவுக்கு அதிகாரிகள் கேட்போர் முன்னிலையில் விடை கூறவேண்டிய களமே இன்றியமையாதது.

கொழும்பிலிருந்து குடியேற்றக் கிராமத்துக்கும், அங்கிருந்து பாம்பன் கடற்கரைக்கும் ஒலிவாங்கி வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மண்டைதீவின் நிலமோ அவ்வளவு காலம் காத்திராது. அடிக்கல் நாட்டப்பட்ட பின்னராவது அவ்வூரவரின் வினா ஒலிக்குமாயின், ஈழத்து வானொலி மரபு உண்மை உரையாடலை எய்தியதாகக் கொள்ளலாம்.