கைப்பிடி அரிசி

மிசோரமில் உலை வைக்குமுன் ஒரு சின்ன வேலை உண்டு. சமையலுக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி, அடுப்படியில் தனியே வைத்திருக்கும் பாத்திரத்தில் போடுவார்கள். அது கிறிஸ்தவச் சபைக்கு.

‘பூஃபாய் தாம்’ என்ற இந்த வழக்கத்தை 1910-இல் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் கைக்கொண்டார்கள். கையில் காசு புழங்காத காலம். அரிசிப் பானையோ அவர்கள் பொறுப்பில்! வேளைக்கு ஒரு பிடி எடுத்தால் வீட்டில் யாருக்கும் சோறு குறையாது, காணிக்கையும் தவறாது. எவ்வளவு அழகான கணக்கு!

சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அரிசியைச் சேகரிப்பார்கள். வசதியான வீட்டுப் பிடியும் ஏழை வீட்டுப் பிடியும் ஒரே சாக்கில் கலக்கும். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். இன்று அப்படிச் சேர்வது ஆண்டுக்குப் பல கோடி ரூபாய்.