லயத்து வாசல் பட்டம்

ஜூலை முதல் செப்டம்பர் வரை இலங்கையின் ஊவா மலைகளில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசனையையும் நல்ல விலையையும் தருவது இந்தக் காற்றுதான். பசறை, ஹாலிஎல, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கோ இது பட்டக் காலம்.

மூங்கிலைச் சீவி இரண்டு குச்சி. நெட்டுக்குச்சி கொஞ்சம் தடிப்பு. குறுக்குக்குச்சி வளைய வேண்டும். அதை நடுவிரலில் நிறுத்திப் பார்த்து, சாய்கிற பக்கத்தை இன்னும் ஒரு இழை சீவுவார்கள். மறுபடி விரலில், மறுபடி கத்தி. பள்ளிக்கூடக் கணக்குக்கு வராத பொறுமை இதற்கு எங்கிருந்துதான் வருகிறதோ! பிறகு பழைய பேப்பர், அம்மா ரொட்டிக்கு வைத்திருந்த கோதுமை மாவில் (கேட்காமல்தான்) காய்ச்சிய பசை, கிழிந்த சேலைக் கரையில் வால். வால் குட்டையானால் பட்டம் குத்துக்கரணம் போடும், நீண்டால் எழும்பாது.

மற்ற நாளில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம், ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வசம். ஏற்றிவிட அப்பாமாரும் வந்துவிடுவார்கள்.

பதுளைக் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டமும் பறக்கத்தான் செய்கிறது. கிழிந்தால் அது குப்பை. பேப்பர் பட்டத்தை ஒட்டி உடனே ஏற்றலாம். கரண்ட் கம்பி இல்லாத பக்கமாக மட்டும் ஏற்றுங்கள், பிள்ளைகளே.