ஆங்கிலத் தொடர்வினைகளும் எமது ஆங்கிலக் கல்வியும்

எமது மாணவனுக்கு 'டொலரேட்' என்னும் ஆங்கிலச் சொல் தெரியும். அதே பொருள் தரும் 'புட் அப் வித்' தெரியாது. 'போஸ்ட்போன்' தெரியும், 'புட் ஓஃப்' தெரியாது. 'இன்வெஸ்டிகேட்' தெரியும்; 'லுக் இன்டு' தெரியாது. முன்னவை பரீட்சைத் தாளிற் புள்ளி பெற்றுத் தருபவை. பின்னவை ஆங்கிலம் பேசுவோர் வீட்டிலும் கடையிலும் வைத்தியசாலையிலும் நாள்தோறும் வழங்குபவை. பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்ற ஒருவன் அம்மொழி பேசுவோர் நடுவே வாயடைத்து நிற்பதற்குரிய காரணங்களுள் இவ்விடைவெளி முதன்மையானது என நாம் கருதுகின்றோம்.

ஆங்கில இலக்கணகாரர் 'பிறேசல் வேர்ப்' என்பதனை இங்குத் தொடர்வினை என வழங்குவோம். எளிய வினையொன்று 'அப்', 'அவுட்', 'ஓஃப்', 'இன்' போன்ற சிறு சொல்லொன்றோடு, சிலவேளை இரண்டோடு, சேர்ந்து புதியதொரு பொருளைத் தருவது அது. ஆங்கிலப் பெயர் பரவியது லோகன் பியர்சல் சிமித் 1925இல் வெளியிட்ட நூலின் வழியாகும்; அப்பெயரை அவருக்குக் கூறியவர் ஒக்ஸ்போட் அகராதிப் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி. பெயர்தான் புதிது. 1755இல் தமது அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பிறநாட்டார்க்குப் பேரிடர் தருவன இவ்வினைகளே என அதன் முன்னுரையிற் சுட்டியிருந்தார்.

இவற்றின் சமூக வரலாறு நோக்கற்பாலது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அரசவை, நீதிமன்றம், கல்வி ஆகியவற்றின் சொற்கள் பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்து குவிந்தன. 'புட்', 'கம்', 'கிவ்', 'டேக்' முதலாய குறுவினைகள் மக்கள் நாவில் நிலைத்தன. அவற்றோடு திசை காட்டும் சிறு சொற்களைச் சேர்த்து மக்கள் தமக்கு வேண்டிய வினைகளை ஆக்கிக்கொண்டனர். இன்று ஒரே செயலுக்கு ஆங்கிலத்தில் இரு சொற்கள் நிலவுவதும், அவற்றுள் ஒன்று அலுவலகத்துக்கும் மற்றையது அடுக்களைக்கும் உரியதாய்த் தோன்றுவதும் இவ்வர்க்கப் பிரிவின் தடயங்களே எனலாம்.

வாக்கியத்தில் இவை இயங்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். 'ஹீ ரான் அப் எ ஹில்' என்றால் அவன் குன்றொன்றின் மேல் ஓடினான் என்பது பொருள். 'ஹீ ரான் அப் எ பில்' என்றாலோ அவன் கடையிற் கடனை ஏற்றிவிட்டான் என்பது பொருள். ஓசையில் ஓரெழுத்தே வேறுபாடு. ஆயின் முதல் வாக்கியத்தில் 'அப்' என்பது குன்றோடு சேர்கின்றது. இரண்டாவதில் வினையோடு சேர்கின்றது. ஆதலினாலேயே 'ரான் எ பில் அப்' எனப் பிரித்துக் கூறுதல் இயலும். 'ரான் எ ஹில் அப்' எனக் கூறுதல் இயலாது. விளக்கை அணைத்தலைக் குறிக்கும் 'டேர்ன் ஓஃப்' என்பதன் நடுவிலும் செயப்படுபொருள் புகலாம். அது 'இட்' போன்ற சுட்டுப்பெயராயின் நடுவிற் புகுந்தே ஆகவேண்டும். 'லுக் ஆஃப்டர்' என்பதோ ஒருபோதும் பிரிந்து நில்லாது. இவ்வேறுபாடுகளைப் பட்டியலை மனனஞ் செய்து எவரும் கற்றதில்லை. வாக்கியங்களைக் கேட்டுக் கேட்டே கற்றனர்.

இவ்வினைகள் தமிழ் மாணவனுக்கு முற்றிலும் அந்நியமானவை எனக் கூறுவோர் தம் மொழியை உற்று நோக்காதவர் ஆவர். 'கண்டுபிடித்தான்' என்பதிற் கையாற் பிடித்தல் ஏதுமில்லை. 'விட்டுக்கொடுத்தான்' என்பதிற் பெரும்பாலும் எப்பொருளும் கைமாறுவதில்லை. 'லுக்' என்பது பார்த்தல். 'லுக் ஆஃப்டர்' என்பது குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல். 'புட்' என்பது போடுதல். 'புட் ஓஃப்' என்பது கூட்டத்தைத் தள்ளிப்போடுதல். இரு மொழியாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியிற் சென்றிருக்கின்றனர்! 'ஈட் அப்', 'யூஸ் அப்' என்பவற்றில் வரும் 'அப்' மேல்நோக்கிய திசையைக் குறிப்பதன்று. செயல் முற்றுப்பெற்றமையைக் குறிப்பது. 'தின்றுவிட்டான்', 'தீர்த்துவிட்டான்' என்பவற்றில் 'விடு' என்னும் துணைவினை ஆற்றும் பணியும் அதுவே. பேதம் ஒழுங்குமுறையிலேயே உள்ளது. 'ஏ', 'உம்' போன்ற இடைச்சொல் புகுதல் தவிர எமது துணைவினை முதல்வினையை விட்டு விலகாது. ஆங்கிலச் சிறு சொல்லோ வாக்கியத்தின் கடைசிவரை விலகிச் செல்லும். வாக்கிய முடிவில் வரும் வினைக்காகக் காத்திருந்து பழகிய தமிழ்ச் செவிக்கு இதுவும் பெருந்தடையாகாது.

மொழியை எளிமையாக்க முனைந்தோரும் இங்கு இடறியுள்ளனர். சி. கே. ஒக்டன் 1930இல் முன்வைத்த 'பேசிக் இங்கிலிஷ்' 850 சொற்களில் அடங்கியது. அதில் வினைகள் 18 மாத்திரமே. 'என்டர்' என்பதற்குப் பதில் 'கோ இன்', 'கண்டினியூ' என்பதற்குப் பதில் 'கோ ஒன்' எனத் தொடர்வினைகளைக் கொண்டே அவர் குறையை நிரப்பினார். ஆங்கிலேயனுக்கு இது சுருக்கமாகத் தோன்றியது. கற்போனுக்கோ 850 சொற்களின் பின்னாற் கணக்கிலே சேராத பல நூறு பொருள்கள் மறைந்திருந்தன. 1943இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய சேர்ச்சில் இத்திட்டத்தைப் போற்றியமை வியப்பன்று. இது எவருக்கு எளிதாக இருந்ததோ அவர்களின் தலைவர் அவர்.

எமது நாட்டில் இது வெறும் இலக்கண விடயமன்று. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என அழைத்தமையைப் பேராசிரியர் திரு கந்தையா 1984இல் வெளிவந்த கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். அவ்வாளின் கூரிய முனை தொடர்வினை என்பது எமது துணிபு. அருஞ்சொற்களை அகராதி கொண்டு எக்கிராமத்து மாணவனும் கற்றுவிடலாம். தொடர்வினைகளோ வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாலோடு புகட்டப்படுகின்றன. நேர்முகத் தேர்வில் முன்னைய வேலையை ஏன் 'கிவ் அப்' செய்தீர் என வினவப்படும்போது தடுமாறுபவன் அறிவிற் குறைந்தவனல்லன். அவ்வினை அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை. 1983இன் பின்னர் இலண்டன் சென்ற எம்மவர் பலருக்கும் இத்தடை இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது எனக் கடிதம் கூறும். அலுவலரோ 'டேர்ன்ட் டவுன்' என்பார். மருத்துவர் வாந்தியைத் 'த்ரோ அப்' என்பார், மயங்கி விழுதலைப் 'பாஸ் அவுட்' என்பார்.

நாம் கண்ட கைந்நூல்கள் பல இதற்கு அளிக்கும் மருந்து நோயினும் கொடிது. 'கெட்' என்னும் வினையைத் தலைப்பிட்டு 'கெட் அப்', 'கெட் ஓவர்', 'கெட் அவே வித்' என வரிசைப்படுத்தி, எதிரே ஒவ்வொரு தமிழ்ச் சொல்லை நிறுத்தி, இரவோடிரவாய் மனனஞ் செய்யப் பணிக்கின்றன. பேசுவோன் யார், கேட்போன் யார், எச்சூழலில் இது பொருந்தும் என்பன அங்கில்லை. 'புட் அப் வித்' என்பதன் எதிரே 'சகித்தல்' என எழுதிவிட்டால் ஆயிற்றா? அதில் உள்ள சலிப்பும் வேறு வழியின்மையும் அச்சொல்லில் எங்கே? 'குடிகாரக் கணவனோடு எத்தனை காலந்தான் சமாளிப்பது' என்று அயலவள் கேட்கும் தொனியில் மாணவன் அதனைக் கேட்டால் ஆயுளுக்கும் மறவான்.

இவ்விடத்திற் பேச்சுத்தமிழ் ஆசிரியரை முந்திவிட்டமையையும் குறிப்பிடல் தகும். 'லைட்டை ஓஃப் பண்ணு' என்று ஐந்து வயதுப் பிள்ளையும் கூறுகின்றது. 'டேர்ன்', 'சுவிட்ச்' ஆகிய வினைகளை உதறிவிட்டுப் பொருளின் உயிர் தங்கிய சிறு சொல்லை மாத்திரம் எம்மவர் எடுத்துக்கொண்டனர். வினைக்குத் தமிழ்ப் 'பண்ணு' போதுமாயிற்று. அப்பிள்ளை வகுப்பறைக்கு வந்ததும் 'ஓஃப்' என்பதை அது முன்பே அறிந்திருப்பதைக் கவனியாது, 'எக்ஸ்டிங்குவிஷ்' என்பதன் எழுத்துக்களைக் கூட்டிச் சொல்லுமாறு கேட்கின்றோம்.